லீவர் ஒடிந்த பிறகு: டோக்கியோ ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்று குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. டோக்கியோ ஒலிம்பிக்கின் அசாகா சுடுதளத்தில் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்று நடந்துகொண்டிருந்தது. முதல் சீரிஸில் (சீரிஸ் என்பது பத்து ஷாட், அதிகபட்சம் 100 புள்ளி) 98 எடுத்து நல்ல நிலையில் இருந்தார் இந்தியாவின் மனு பாக்கர். இரண்டாவது சீரிஸின் நடுவில், 16 ஷாட் முடிந்திருந்தபோது, அவருடைய பிஸ்டலின் காக்கிங் லீவர் ஒடிந்தது. பெல்லட்டை, அதாவது சுடும் சிறு ஈயக் குண்டை, உள்ளே வைக்க வழியில்லை. கடிகாரம் 55 நிமிடம் மீதம் என்று காட்டியது. பழுது பார்த்துத் திரும்பிவந்து அடுத்த ஷாட்டுக்குக் கை தூக்கியபோது மீதமிருந்தது சுமார் 38 நிமிடம். பாக்கி 44 ஷாட்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். 98, 95, 94, 95, 98, 95, மொத்தம் 575. 12-ஆம் இடம். எட்டாவதாக, கடைசி இடத்தில், இறுதிச்சுற்றுக்குள் போனவரின் புள்ளி 577. இரண்டே புள்ளி.

அன்றும் அடுத்த சில நாளும் பேச்செல்லாம் பயிற்சியாளர், சண்டை, மனஅழுத்தம் என்றே ஓடியது. துப்பாக்கியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இந்த ஆய்வு அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஒடிந்தது என்ன, அதை மாற்ற ஏன் அவ்வளவு நேரம், கையில் இருந்த மாற்றுப் பிஸ்டல் ஏன் உதவவில்லை, இதிலிருந்து ஒரு மாவட்ட அளவிலான வீரர்கூடத் தன் பெட்டியில் எதை மாற்றிக்கொள்ளலாம்.

கடிகாரம் யாருக்காகவும் நிற்காது

தகுதிச்சுற்றில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். அதற்கு முன்னால் 15 நிமிடம் தயாரிப்புக்கும் பழக்கச் சுடுதலுக்கும். 2017 வரை பெண்களுக்கு 40 ஷாட்தான். 2018 முதல் ஆண்களைப் போலவே 60. துப்பாக்கியும் தோளும் சுமக்க வேண்டிய வேலை ஒன்றரை மடங்கானது.

இலக்கு இயந்திரம் பழுதானாலோ, பக்கத்து லேனில் குழப்பம் ஏற்பட்டாலோ, அதாவது வீரர்மேல் எந்தத் தப்பும் இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் சுட முடியாமல் போனாலோ, இழந்த நேரத்தைக் கேட்டு வாங்கலாம். சொந்தத் துப்பாக்கி பழுதானால் அந்தச் சலுகை இல்லை. பழுது பார்க்கலாம், வேறு துப்பாக்கி எடுக்கலாம். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மனுவுக்கும் கூடுதலாக ஒரு நொடி கிடைக்கவில்லை.

16 ஷாட்டை 20 நிமிடத்தில் முடித்திருந்தார் என்றால் ஷாட்டுக்கு 75 வினாடி. மொத்த நேரத்தை 60-ஆல் வகுத்தாலும் அதே 75 வினாடிதான் வரும். அதாவது, அவர் அவசரப்படவுமில்லை, பின்தங்கவுமில்லை. திரும்பி வந்தபின் 38 நிமிடத்தில் 44 ஷாட் என்றால் ஷாட்டுக்கு 52 வினாடி. இந்த 23 வினாடி வித்தியாசம் எங்கிருந்து வெட்டப்படுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு சின்ன உலோகத் தண்டு

போட்டிக்கான ஏர் பிஸ்டலில் காக்கிங் லீவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேலை. அதைத் திறந்தால் பெல்லட் வைக்கும் வாய் திறக்கும். மூடினால் பெல்லட் குழலுக்குள் தள்ளப்பட்டு, வாய் காற்றுக் கசியாமல் அடைபடும். மெக்கானிக்கல் ட்ரிகர் என்றால் அதே அசைவில் சுத்தியலும் ஏற்றப்படும். மின் ட்ரிகரில் ட்ரிகர் என்பது ஒரு சுவிட்ச் மட்டுமே. விரல் அழுத்தியதும் மின்சுற்று ஒரு சோலனாய்டை இயக்கி வால்வைத் திறக்க வைக்கும். சுற்று தயார்நிலைக்கு வருவதும் லீவரின் அசைவோடு பிணைந்தது. ஆகவே லீவர் ஒடிந்தால் பாதி வேலை செய்கிற துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. கையில் இருப்பது ஒரு கிலோ எடையுள்ள கட்டை.

லீவர் சாதாரணமாக ஒடிகிற பாகமல்ல. காற்றை அடைக்கும் ஓ-ரிங் தேயும், பேட்டரி தீரும், குறிபார்க்கும் சைட்டின் ஸ்க்ரூ தளரும். இவற்றுக்கெல்லாம் எல்லோரும் உதிரி வைத்திருப்பார்கள். லீவருக்கு வைத்திருப்பவர் அபூர்வம். ஆனால் கணக்குப் போட்டால் ஆச்சரியம் குறையும். ஒரு நாளைக்கு 150 ஷாட், வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி என்று வைத்துக்கொண்டாலே ஆண்டுக்கு ஏறக்குறைய 39,000 தடவை அந்தத் தண்டு திறந்து மூடப்படுகிறது. பெல்லட் இல்லாமல் பழகும் ட்ரை ஃபயர் தனி. லீவர் சுழலும் அச்சான பிவட் பின் அருகே நுண்விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது. ஆறு மாதத்துக்கொரு முறை பிவட்டைச் சுத்தம் செய்து, லென்ஸ் வைத்து அதன் கழுத்தைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. லீவரை விரல் நுனியால் சுண்டி மூடுவதும், கடைசி மில்லிமீட்டரில் அடித்து மூடுவதும் பலருக்குப் பழக்கம். உலோகம் களைப்பது அப்படித்தான். உள்ளங்கையால் மெதுவாகக் கொண்டுபோய் அமர்த்த வேண்டும்.

மாற்ற ஏன் நேரமாகிறது? லீவர் வெளியே தெரிந்தாலும் அதன் வேர் உள்ளே. கைப்பிடியான க்ரிப்பைக் கழற்ற வேண்டும். மின் ட்ரிகர் என்றால் மின்சுற்றின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். பழைய லீவரை எடுத்துப் புதியதைப் பொருத்தி, சுற்றைத் திரும்ப இணைத்து, க்ரிப்பை மாட்டி, ட்ரிகர் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். பட்டறை மேசையில் நிதானமாகச் செய்தால் பத்து நிமிட வேலைதான். கை நடுங்கும்போது, ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருக்கும்போது, இணைப்பு ஊசி முழுதாக உட்காராமல் போவதும், மெல்லிய வயர் க்ரிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்குவதும் சர்வசாதாரணம். பிறகு மறுபடி கழற்று, மறுபடி மாட்டு.

இதில் யாரும் பேசாத இன்னொரு நஷ்டமும் உண்டு. கழற்றி மாட்டிய க்ரிப், கழற்றுமுன் இருந்த க்ரிப் அல்ல. ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினோம், எந்தக் கோணத்தில் அமர்ந்தது என்பது தலைமுடி அளவு மாறினாலும் பிஸ்டல் கையில் வேறு மாதிரி உட்காரும். முன் சைட் இயல்பாகவே கொஞ்சம் மேலேறியோ இடப்பக்கம் சாய்ந்தோ நிற்கும். வீரர் தன்னையறியாமல் மணிக்கட்டால் திருத்துவார். அந்தத் திருத்தம் 44 ஷாட்டும் தொடரும். சட்டத்துக்கும் க்ரிப்புக்கும் குறுக்கே ஒரு மெல்லிய பேனாக் கோடு போட்டு வைத்திருந்தால் குறைந்தபட்சம் பழைய இடத்துக்குத் திரும்பலாம். செலவு ஒன்றுமில்லை, கோடு போட்டிருப்பவர்கள்தான் குறைவு.

மாற்றுப் பிஸ்டல் என்ற பெயரில் ஒரு உலோகம்

மனுவிடம் மாற்றுப் பிஸ்டல் இருந்தது. அதற்கு மாறினால் செட்டிங் எல்லாம் புதிதாக வைக்க வேண்டும், அதைவிடப் பழுது பார்ப்பதே மேல் என்பது அணித்தரப்பு பின்னர் சொன்ன காரணம். காரணம் தவறல்ல. அன்றைய நிலையில் அது சரியான முடிவாகக்கூட இருந்திருக்கலாம். கேள்வி அந்த நிலை எப்படி வந்தது என்பதுதான். மாற்றுத் துப்பாக்கிக்கு மாறுவது பழுது பார்ப்பதைவிட அதிக நேரம் தின்னும் என்றால், அது மாற்றுத் துப்பாக்கியாகத் தயார் செய்யப்படவில்லை என்று பொருள்.

இந்தியாவில் தேசிய அணிக்கு வெளியே இருப்பவர்களில் பலர் இரண்டாவது பிஸ்டல் வாங்குவதே இல்லை, விலை அப்படி. வாங்கியவர்களிலும் பலர் அதை உறையிலேயே வைத்திருக்கிறார்கள். கருவிகளைச் சோதிக்கும் எக்விப்மென்ட் கன்ட்ரோலுக்குக் கொண்டுபோய் ஸ்டிக்கர் ஒட்டிவாங்குவதோடு சரி. (ஸ்டிக்கர் இல்லாத மாற்றுப் பிஸ்டலைச் சுடும் கோட்டில் எடுக்கவே முடியாது என்பதால் அந்த மட்டுக்காவது செய்கிறார்கள்.)

இரண்டு பிஸ்டலை இரட்டையராக்க நான்கு விஷயம் பொருந்த வேண்டும். முக்கியமானது க்ரிப்.

தொழிற்சாலை க்ரிப் ஒரே அளவு என்றாலும், பெரும்பாலோர் முதல் க்ரிப்பை அரத்தால் தேய்த்தும் மரப்பசை வைத்து நிரப்பியும் தன் கைக்கு மாற்றியிருப்பார்கள். இந்தத் திருத்தம் ஒரே நாளில் நடப்பதில்லை. இரண்டு வருடமாக, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று நடந்தது. அதை நினைவிலிருந்து இரண்டாவது க்ரிப்பில் கொண்டுவர முடியாது. நடைமுறை வழி ஒன்று: முதல் க்ரிப் திருப்தியாக அமைந்ததும், தொடர்ந்து தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அதை அச்சாக வைத்து இரண்டாவதைச் செதுக்கச் செய்வது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, நிலைக்கு வந்ததும் கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் நடுவாக, மேல்விளிம்புகள் சமமாக நிற்க வேண்டும். பத்துத் தடவை செய்தால் எட்டுத் தடவையாவது அப்படி நிற்காத க்ரிப் இன்னும் முடியவில்லை. உள்ளங்கைத் தாங்கியை மிக இறுக்கமாக வைப்பது அடுத்த பொதுத் தவறு. காலையில் பொருந்தியது மதியம் கை வீங்கியபின் நசுக்கும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். க்ரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது என்பது விதி.

சைட் விஷயத்தில் கணக்கு இரக்கமற்றது. ஏர் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 340 மில்லிமீட்டர். இலக்கு 10 மீட்டர். ஆக, சைட் ஒழுங்கில் 1 மில்லிமீட்டர் பிசகினால் இலக்கில் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர் விலகும். 10-ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் விளிம்பு தொட்டாலே புள்ளி உண்டு என்பதால் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை 10 கிடைக்கும். அதற்குமேல் ஒவ்வொரு 8 மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி போகும். 29 என்றால் ஏழு. வெறும் 0.3 மில்லிமீட்டர் பிசகே பத்தை ஒன்பதாக்கப் போதும். இலக்கின்மீது கை ஆடுவது இவ்வளவு தண்டிப்பதில்லை: கை 5 மில்லிமீட்டர் ஆடினால் ஷாட்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும், பத்து தப்பாது. அதனால்தான் கண் முன் சைட்டிலேயே நிற்க வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாக இருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லிக் கற்பிக்கிறார்கள். மாற்றுப் பிஸ்டலில் பள்ளத்தின் அகலமும் முன் சைட்டின் அகலமும் முதல் பிஸ்டலில் உள்ளதாகவே இருக்க வேண்டும். இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்று மாறினால் கண் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். அதற்கு 52 வினாடியில் இடமில்லை.

சைட்டைத் திருகும்போது கேட்கும் க்ளிக் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். முழுக்கக் கீழே இறக்கிய நிலையிலிருந்து எத்தனை க்ளிக் மேலே, முழு இடதிலிருந்து எத்தனை க்ளிக் வலது என்று. 2008 பெய்ஜிங்கில் இறுதிச்சுற்றுக்குச் சற்றுமுன் அபினவ் பிந்த்ரா தன் ரைஃபிளின் சைட் கலைந்திருப்பதைப் பழக்கச் சுடுதலில்தான் கண்டார். இருந்த சில நிமிடத்தில் சரிசெய்து, கடைசி ஷாட்டில் 10.8 அடித்துத் தங்கம் எடுத்தார். எல்லோருக்கும் அந்தப் பொறுமை வராது. எண்கள் கையில் இருந்தால் பொறுமைக்கு வேலையும் குறையும்.

ட்ரிகர்: விதிப்படி குறைந்தபட்சம் 500 கிராம். சோதனையில் எடைக்கட்டியைத் ட்ரிகரில் தொங்கவிட்டு, குழல் செங்குத்தாக இருக்க, தூக்குவார்கள். 500-க்குச் சரியாக வைத்திருப்பவர்கள் தேய்மானத்திலோ வெப்பமாற்றத்திலோ மாட்டிக்கொள்வார்கள். போட்டி முடிந்தபின் நடக்கும் சோதனையில் விழுந்தால் தகுதிநீக்கம்தான். 510 முதல் 520 வரை வைப்பது நல்லது. இரண்டு பிஸ்டலிலும் மொத்த எடை ஒன்றாக இருந்தால் போதாது, விரல் அழுத்தும்போது வரும் முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் பிரிந்துள்ள விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் கட்டம் கனமாக, இரண்டாவது மெலிதாக இருக்கும் ட்ரிகரும், அதற்கு நேரெதிரானதும், எடைக்கட்டிக்கு ஒன்றே. விரலுக்கு அல்ல.

பெல்லட் கடைசி. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் இருக்கும்: தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரும் டப்பாக்களை வாங்கி, பிஸ்டலைக் கிளாம்பில் இறுக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாக நான்கு குழுக்கள் சுட்டுப் பாருங்கள். ஐந்தும் ஒரே ஓட்டையாக, வெளிவிளிம்பு முதல் வெளிவிளிம்பு வரை 7 மில்லிமீட்டருக்குள் விழுகிற டப்பாவின் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். இரண்டு குழலுக்கும் ஒரே பெல்லட் ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் மாற்றுப் பிஸ்டலின் உறைக்குள்ளேயே அதன் டப்பா இருக்க வேண்டும். பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கிய பெல்லட்டை விரலில் உருட்டினால் தெரியும். அதைப் பழக்கச் சுடுதலுக்குக்கூடப் போடாதீர்கள். எங்கே போகிறது என்று பார்த்து சைட்டைத் திருப்பிவிடுவீர்கள், அடுத்த நல்ல பெல்லட் வேறிடம் போகும்.

இவ்வளவும் செய்த பிறகும், மாற்றுப் பிஸ்டலில் சுட்டிருக்க வேண்டும். ஐந்து பயிற்சி நாளில் ஒரு நாள் அதற்கு என்று வைத்தால்தான் கை அதைத் தன்னுடையதாக ஏற்கும். இதற்கு ஒரு சாட்சி அமெரிக்காவின் மேத்யூ எமன்ஸ். 2004 ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் அவருடைய ரைஃபிளை யாரோ வேண்டுமென்றே பழுதாக்கியிருந்தார்கள். இரவல் ரைஃபிளோடு ஏதென்ஸ் போய் படுத்துச் சுடும் 50 மீட்டர் ப்ரோனில் தங்கம் வென்றார். இரவல் துப்பாக்கிதான், ஆனால் அதோடு பழக அவருக்குச் சில மாதம் கிடைத்தது. மனுவுக்குக் கிடைத்தது சில நிமிடம்.

கோட்டில் நிற்கும்போது கை செய்ய வேண்டியது

கோளாறு என்று தெரிந்ததும் முதல் இரண்டு நிமிடம்தான் பெரும்பாலும் வீணாகும். இன்னொரு தடவை மூடிப் பார்ப்போம், இன்னொரு தடவை ஸ்விட்சைத் தட்டுவோம் என்றே போய்விடும். அதற்குமேல் ஆபத்தும் அங்கேதான். லீவர் அரைகுறையாக மூடி, உள்ளே பெல்லட் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத துப்பாக்கியைத் தன்பக்கம் திருப்பிக் குனிந்து பார்ப்பது அனுபவசாலிகளும் செய்கிற தவறு.

குழலின் வாய் இலக்கை விட்டு நகரக் கூடாது. விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே. துப்பாக்கியை மேசையில், வாய் இலக்கைப் பார்த்தபடி வைத்துவிட்டு, சுடாத கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரை அழையுங்கள். என்ன பழுது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். உள்ளே பெல்லட் சிக்கியிருக்கலாம் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். வாய் திறக்கும் நிலையில் இருந்தால் குழல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாகைச் செருகுங்கள். ஏர் துப்பாக்கிக்கு அது குழல் நீளம் முழுக்கப் போய் மறுமுனையில் எட்டிப்பார்க்க வேண்டும், பளிச்சென்ற நிறத்தில். திறக்கவே திறக்காது என்றால் காற்று சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள், ஆனால் உள்ளே மிச்சக் காற்று இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஆபீசர் சொல்லும்வரை அது லோடு செய்யப்பட்ட துப்பாக்கிதான். அவர் சரிபார்த்து அனுமதித்த பிறகே கோட்டைவிட்டு எடுத்துப்போகலாம். பெல்லட் இல்லாமல் காற்றை மட்டும் விட்டுச் சோதிப்பது போட்டிக்கு நடுவே விதிமீறலாகும். அதற்கும் அவரைக் கேட்க வேண்டும்.

பயிற்சியாளரோடு பேச வேண்டும் என்றாலும் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்து, அனுமதி பெற்று, கோட்டிலிருந்து விலகி வந்துதான் பேச முடியும். ஆகவே எதைச் செய்வது என்ற விவாதத்தை அன்று நடத்தக் கூடாது. முந்தைய நாளே முடிவு இருக்க வேண்டும்: கோட்டில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் தீர்கிற பழுது (பேட்டரி, சைட் ஸ்க்ரூ, சிலிண்டர்) என்றால் சரிசெய்வது, க்ரிப்பைக் கழற்ற வேண்டிய எந்தப் பழுதுக்கும் உடனே மாற்றுப் பிஸ்டல். பழுதானதைப் பயிற்சியாளர் பின்னால் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைக்கு இந்த வழி இருந்திருந்தால் 17 நிமிடம் நான்கைந்து நிமிடமாகியிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. அப்போது 44 ஷாட்டுக்கு 50 நிமிடம் இருந்திருக்கும். ஷாட்டுக்கு 68 வினாடி. பயிற்சியிலேயே பலர் சுடும் வேகம் அதுதான்.

52 வினாடிக்குள் என்ன கொள்ளும்

லீவரைத் திறந்து பெல்லட் வைத்து மூட 10 வினாடி. பிடியை அமைக்க 5. மூச்சு, பார்வை, 5. தூக்கி, இறங்கி, நிலைத்து, ஷாட் போக 10 முதல் 12. ஷாட் போனபின் அப்படியே நிற்கும் ஃபாலோ த்ரூ 3. ஆக 35. மிச்சம் 17 வினாடி, தோளுக்கு ஓய்வு. 75 வினாடி இருந்தபோது அந்த ஓய்வு 40 வினாடி. வெட்டப்படுவது ஓய்வு மட்டும்தான் என்றால் சமாளிக்கலாம்.

உண்மையில் வெட்டப்படுவது வேறொன்று: கையை இறக்கிவிடும் உரிமை. ஷாட் சரியாக அமையவில்லை, 8 வினாடியாகியும் ட்ரிகர் நகரவில்லை என்றால் சுடாமல் கையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவதுதான் நல்ல வீரரின் அடையாளம். ஒரு தடவை இறக்கினால் 20 முதல் 25 வினாடி செலவு. 75 வினாடிக் கணக்கில் அது வலிக்காது. 52-இல் ஒவ்வொரு இறக்கமும் கடன். கடனுக்குப் பயந்து இறக்க வேண்டிய ஷாட்டைச் சுட்டுவிடுகிறோம். எட்டுகள் பிறப்பது அங்கே.

மனுவின் சீரிஸ்களைப் பாருங்கள். திரும்பி வந்தபின் முழுதாகச் சுட்ட நான்கு சீரிஸ் 94, 95, 98, 95. அவசரம் மட்டுமே காரணம் என்றால் புள்ளி இறங்கிக்கொண்டே போயிருக்க வேண்டும். ஐந்தாவதில் 98 வந்திருக்கிறது. எங்கள் வாசிப்பு இது: மூன்றாவதும் நான்காவதும் துப்பாக்கியோடும் புதிய வேகத்தோடும் பழகிய சீரிஸ்கள், ஐந்தாவதில் தாளம் கிடைத்துவிட்டது. ஐந்து சீரிஸ் முடிவில் 480. கடைசியில் 98 எடுத்தால் நிச்சயம் உள்ளே, 97 என்றால் புள்ளி சமமாகி, பத்தின் நடுவே உள்ள உள்வட்டத்தில் பட்டவற்றை எண்ண வேண்டிவரும். 95 வந்தது. இழந்த 17 நிமிடத்துக்கு விலை எங்கே கொடுத்தார் என்று தேடினால் கடைசி சீரிஸைவிட மூன்றாவது, நான்காவதில்தான் அது அதிகம் தெரிகிறது. அந்த நிலையிலும் 575 என்பது சாதாரணமில்லை. பாரிஸில் 2024-இல் அவர் 580 எடுத்து மூன்றாவதாக இறுதிச்சுற்றுக்குள் போய், அங்கே 221.7-உடன் வெண்கலம் வென்றார். இடையில் இருப்பது ஐந்தே புள்ளி.

பெட்டிக்குள்

துணைக்கருவிகள் என்றதும் கடைக்காரர் முதலில் நீட்டுவது கண்ணாடி, தொப்பி, பளபளக்கும் ஸ்டாண்ட். அவற்றில் சிலது தேவைதான். பக்க மறைப்பு 40 மில்லிமீட்டருக்குமேல் ஆழமாகவோ, மூடும் கண்ணின் முன் வைக்கும் மறைப்பு 30 மில்லிமீட்டருக்குமேல் அகலமாகவோ இருக்கக் கூடாது என்பதைப் பார்த்து வாங்குங்கள். ஷூ கணுக்காலை மூடக் கூடாது. தட்டையான அடி போதும், ஆனால் பாதத்தின் முன்பாதியில் அது வளைய வேண்டும். சுடும் கையில் கைக்கடிகாரமோ பட்டையோ கூடாது.

ஆனால் பணம் குறைவாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியது உதிரி. லீவரும் அதன் பிவட் பின்னும். ஓ-ரிங் தொகுப்பு. க்ரிப் ஸ்க்ரூ ஒன்று. இரண்டு புதுப் பேட்டரி, வாங்கிய தேதி எழுதிய ஸ்டிக்கரோடு. பழையதை “இன்னும் கொஞ்சம் வரும்” என்று அதே பையில் போடாதீர்கள், அவசரத்தில் கைக்கு அதுதான் வரும். உங்கள் பிஸ்டலுக்கு எந்த அளவு ஆலன் கீ தேவையோ அவை மட்டும், ஒவ்வொன்றிலும் எதற்கானது என்று நிற டேப் சுற்றி. ஒரு வெள்ளைத் துண்டு: கழற்றிய சிறு ஊசியும் சுருளும் அதன்மேல் விழுந்தால் கண்ணில் படும், காங்கிரீட் தரையில் விழுந்தால் போனதுதான்.

சிலிண்டர் இரண்டு. நிரப்பும் அளவு பொதுவாக 200 பார். மெதுவாக நிரப்ப வேண்டும். வேகமாக ஏற்றினால் சூடேறி, ஆறியபின் அழுத்தம் இறங்கிவிடும். பயன்பாட்டுக் காலம், பெரும்பாலும் பத்து ஆண்டு, உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்; அதைக் கவனிப்பது வீரரின் பொறுப்பு. எந்த நிலையிலும் ஆக்ஸிஜன் நிரப்பாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸோடு சேர்ந்தால் வெடிக்கும். விமானத்தில் சிலிண்டர் காலியாகத்தான் போகும் என்பதால் நிரப்பும் அடாப்டரை மறந்தவர், போய்ச் சேர்ந்த ஊரில் இரவல் கேட்டு அலைவார்.

பதினேழு நிமிடப் பயிற்சி

டோக்கியோ நிலைமையை உள்ளூர் ரேஞ்சிலேயே உருவாக்கலாம். 75 நிமிடக் கடிகாரத்தை ஓடவிட்டு வழக்கம்போலச் சுடுங்கள். 10-ஆவது ஷாட்டுக்கும் 40-ஆவதுக்கும் நடுவில், வீரருக்குத் தெரியாத ஒரு கணத்தில், பயிற்சியாளர் “லீவர்” என்று சொல்ல வேண்டும். அந்த நொடியிலிருந்து பிஸ்டல் செத்தது. துப்பாக்கியை வைப்பது, கை தூக்குவது, ஃப்ளாக், மாற்றுப் பிஸ்டலை எடுப்பது, அதற்குரிய பெல்லட் டப்பா, முதல் ஷாட். கையில் ஸ்டாப்வாட்ச்.

முதல் தடவை பெரும்பாலும் எட்டு, ஒன்பது நிமிடம் ஆகும். எங்கே போனது என்று எழுதுங்கள். பெட்டி கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது, சிலிண்டர் நிரம்பியிருந்ததா, சைட் போன முறை யாருக்காகத் திருப்பப்பட்டது. மாதம் ஒரு முறை செய்தால் நான்காவது மாதத்தில் நான்கு நிமிடத்துக்குள் வரலாம். வேறொரு நாள் மாற்றுப் பிஸ்டலைத் தொடாமல், 17 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, மீதமுள்ள 44 ஷாட்டை 38 நிமிடத்தில் முடியுங்கள். எத்தனை தடவை கையை இறக்கினீர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். நிதான நாளில் இறக்கியதில் பாதிக்குக் கீழே அந்த எண் இருந்தால், அன்றைய எட்டுகளை எடுத்துப் பாருங்கள். இறக்காமல் விட்ட ஷாட்களின் வரிசையிலேயே அவை உட்கார்ந்திருக்கும்.